கொக்கி வைத்த படங்கள்

பேச்சியம்மா அக்கா தன் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.

படத்தில் அவர் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் சிரிக்கவில்லை. படத்தின் மேல் மல்லிகைச் சரம் தொங்கியது. கண்ணாடியில், சரியாக நெற்றி வரும் இடம் பார்த்து, யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே குட்டியாக ஒரு சிவப்பு பல்பு. கீழே வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி.

செயலாளர் வெங்கட்ராஜு மாடிப்படி ஓரமாக நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். தூண் ஒல்லி, நான் அப்போதே அப்படி இல்லை.

அக்கா திரும்பாமலே கேட்டார்.

"ஏட்டி வேணி, நான் எப்படிட்டி செத்துப் போனேன்?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நாய்களிலிருந்து தொடங்க வேண்டும்.

நாய்களின் எட்டு மாதம்

போன வாரம் என் முதல் கேமராவைப் பற்றி எழுதியிருந்தேன். வளைகாப்பு, சடங்கு, கல்யாணப் பெண் அலங்காரம் என்று ஆண் போட்டோகிராபர்கள் எட்டிப்பார்க்க முடியாத உள்ளறைகளில் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. வீட்டில் திட்டுக்கும் குறைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜபாளையத்தில் கேமரா வைத்திருந்த ஏழு ஆண்களும் நானும் ஒரு சங்கமாகச் சேர்ந்தோம். வெங்கட்ராஜு செயலாளர். மாந்தோப்புக்காரர், நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். தன் பழைய பஞ்சு குடோனின் மாடியைச் சங்கத்துக்கு விட்டுக்கொடுத்தார். வெளியூரில் எங்கோ ஒரு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், நம் ஊருக்கும் ஒன்று வேண்டாமா என்று மாடிக்கு 'புகைப்பட அருங்காட்சியகம்' என்றே பெயர் வைத்துவிட்டார். அருங்காட்சியகத்தில் அப்போது இருந்தவை நான்கு சுவர், ஒரு பெஞ்சு, இரண்டு புறா.

வாசலில் போர்டு எழுத வந்தவர் சினிமா பேனர் எழுதும் பெயிண்டர். அவருக்குத் தெரிந்த முறையில்தானே எழுதுவார்? மேலே பெரிதாக 'இப்போது', கீழே கொஞ்சம் சின்னதாக 'விரைவில்'. கை பழக்கத்தில் 'தினசரி 3 காட்சிகள்' என்றும் சேர்த்துவிட்டார். புதுத் தியேட்டர் என்று நினைத்து ஏறி வந்தவர்கள் இடைவேளை எப்போது என்று விசாரித்தார்கள்.

போர்டில் இருந்தது இதுதான்:

இப்போது: ராஜபாளையம் நாய்கள்.
விரைவில்: வேணியின் பெண்கள்.

நாய்கள் எல்லாம் வெங்கட்ராஜு எடுத்தவை. எங்கள் ஊர் நாய் வெள்ளை நிறம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒவ்வொன்றையும் வெள்ளைச் சுவருக்கு முன்னால், உச்சி வெயிலில் நிறுத்தி எடுத்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் ஒரு மூக்கும் இரண்டு கண்ணும் தெரிந்தன. மிச்சத்தை நாம் யூகித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாய் வளர்ப்பவர்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஒரு நாய் தன் கூடப்பிறந்ததன் படத்தைப் பார்த்து உறுமியது. வெங்கட்ராஜுவுக்கு அன்று பூரிப்பு தாங்கவில்லை.

ஒரு மாதம் என்று தொடங்கிய கண்காட்சி எட்டு மாதம் ஓடியது. நான் கேட்கும்போதெல்லாம், இன்னும் அந்தத் தெருக்காரர்கள் பார்க்கவில்லை, இந்தத் தெருக்காரர்கள் பார்க்கவில்லை என்று ஏதாவது சொல்வார். நான் 'விரைவில்' என்பதிலேயே குடியிருந்தேன். காய்கறி வாங்கப் போனால், "என்னம்மா, உன் படம் எப்ப ரிலீசு?" என்பார்கள். கதாநாயகி யார் என்று கேட்டவர்களும் உண்டு.

எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், அழுகையாகவும் இருக்கும். ஏனென்றால் அந்தப் படங்கள் யாரும் கேட்டு எடுத்தவை அல்ல. விசேஷ வீட்டுப் படங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நகை விழுந்திருக்கிறதா, பட்டுக்கரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆல்பத்தை மூடிவிடுவார்கள். வேலை முடிந்து ரோலில் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும்போது, எனக்காக நான் எடுத்த முகங்கள் இவை. யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, இதில் ஒன்றின் முன்னால் சும்மா நின்று பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஆடு துரத்திய மாமா

அப்படி எடுத்த படங்களில் ஒன்றுதான் பேச்சியம்மா அக்கா.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். மாவாட்டுவது அவர் வீட்டுக்காரர், ஊருக்கே மாமா. ஒரு கல்யாண வேலை முடித்துவிட்டு அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, ஒரு ஆடு வாசலில் அடுக்கியிருந்த வாழை இலையைத் தின்றது. மாமா கரண்டியோடு ஆட்டைத் துரத்திக்கொண்டு தெருமுனைவரை போனார். கொஞ்ச நேரத்தில் ஆடு மாமாவைத் துரத்திக்கொண்டு வந்தது.

அக்கா சிரித்த சிரிப்பில் மேல்வரிசையில் இல்லாத இரண்டு பல்லும் தெரிந்தன. நான் எடுத்துவிட்டேன். பிறகு கண்காட்சியில் மாட்டட்டுமா என்று கேட்டபோது, "மாட்டிக்கோட்டி. நான் என்ன கொறஞ்சா போயிருவேன்?" என்று சட்னி ஊற்றப் போய்விட்டார்.

அக்காவுக்கு ஒரு வருத்தம் உண்டு. அவருடைய ஒரே தம்பி சுடலைமுத்து, தேவதானத்தில் விவசாயம். அக்கா மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? சுடலைமுத்து பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். குத்தி முடித்த நிமிஷம் இவர் வாசலில் வந்து நின்றார். என் மடி என்ன முள்ளா என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த சீர்த்தட்டோடு திரும்பிப் போனவர்தான். பதினோரு வருஷம் அவர் இந்த வாசல் மிதிக்கவில்லை, இவரும் அந்த வாசல் மிதிக்கவில்லை.

ஆனால் தேவதானம் பக்கத்திலிருந்து யார் சாப்பிட வந்தாலும், அக்கா இலையில் கூட ஒரு இட்லி வைத்துவிட்டு, எவனைப் பற்றியோ கேட்பதுபோல, அவன் பீடியைக் குறைத்தானா என்று விசாரிப்பார்.

மூன்று பேர் செய்த கொலை

எட்டாவது மாதம் ஒரு மழையில் குடோன் கூரை ஒழுகி நாய்கள் நனைந்துவிட்டன. வெங்கட்ராஜு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

என் படங்களைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கூட்டம் வரவில்லை என்றாலும், எவரிடமிருந்தாவது புகார் வந்தாலும், அன்றைக்கே இறக்கிவிடுவார். புதிதாக நாய் எடுக்கத் தொடங்கிவிட்டாராம். பெயிண்டர் வந்து போர்டை மாற்றி எழுதினார். இப்போது: வேணியின் பெண்கள். விரைவில்: நாய்கள் பாகம் 2.

இருபத்து நான்கு படங்கள், எல்லாம் தனித்தனிப் பெண்கள். சட்டம் போடக் காதர் பாய் கடையில் கொடுத்தேன். கண்ணாடி வெட்டுவதிலும் சட்டம் அடிப்பதிலும் அவர் கைக்கு ஈடு கிடையாது. வாங்கப் போனபோது ஒவ்வொரு சட்டத்தின் மேல் மூலையிலும் பித்தளையில் சின்னதாகக் கொக்கி இருந்தது. ஒரு படத்துக்கு இரண்டு. இது எதற்கு பாய் என்றேன்.

"தனி ஆளுன்னா கொக்கி உண்டு தங்கச்சி. ரெண்டு பேரு இருந்தா கிடையாது."

ஏதோ தொழில் கணக்கு என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் தலையாட்டியிருப்பேன். கால் தரையில் பாவவில்லை.

அடுத்தது எலக்ட்ரீசியன். ஒவ்வொரு படத்துக்கும் தனியாக விளக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டேன். சுவரில் மாட்டிய ஆள் படத்துக்கு விளக்கு என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே வகைதான். சிவப்பு ஜீரோ வாட்ஸ். இருபத்து நான்கையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். இருட்டாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது குற்றவாளி நான். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், ஊர், படம் எடுத்த தேதி என்று ஒழுங்காக அட்டையில் எழுதி ஒட்டினேன். 'எடுத்த தேதி' என்று எழுத இடம் போதவில்லை. தேதியை மட்டும் எழுதினேன்.

நம் ஊர்ப் பக்கம் சுவரில் ஒருவர் தனியாகப் படமாகத் தொங்கினால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கொக்கி மாலைக்கு, சிவப்பு விளக்கு அவருக்கு, கீழே இருக்கும் தேதி போய்ச் சேர்ந்த நாள். எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரிலேயே மூன்று பேர் அப்படி இருந்தார்கள். சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து, கலந்து பேசாமலே, இருபத்து நான்கு பெண்களைக் கொன்றுவிட்டோம்.

செருப்பைக் கழற்றியவர்கள்

முதல் நாள் வந்தவர்கள் செருப்பைப் படிக்கட்டின் கீழேயே கழற்றிவிட்டு வந்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. ஒரு பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாய்களுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை. ராஜபாளையத்துக்குக் கலை புரிந்துவிட்டது என்று நான் பூரித்துப் போய், மூலையில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெரியவர் ஒரு இளம்பெண்ணின் படத்தின் முன்னால் வந்து நின்றார். ஆகி எவ்வளவு நாளாச்சு என்று கேட்டார். ஒரு மாதம் இருக்கும் என்றேன். சின்ன வயது என்றார். ஆமாம், நன்றாகப் பேசும் என்றேன். கொடுத்து வைக்கவில்லை என்று உச்சுக் கொட்டினார். படத்தின் மேல் அவ்வளவு ஆசையா என்று உருகிப்போய், உங்களுக்கும் ஒரு பிரிண்ட் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படி இறங்கினார்.

நான்கு பெண்களின் படத்தில் ஒரே தேதி இருந்தது. சேத்தூரில் ஒரு கல்யாணத்தில் ஒரே மத்தியானத்தில் எடுத்தவை. ஒரு அம்மாள் நான்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "பஸ்ஸாம்மா?" என்றார். நான் எதில் போனேன் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, பஸ்தான் என்றேன். அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் பூக்காரம்மா தன் கூடையைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கிவந்து எங்கள் படிக்கட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

இரண்டாம் நாள் எனக்கு வெளியூர் வேலை. திரும்பி வந்து மாடி ஏறினால் ஒரே ஊதுபத்தி வாசம். இருபத்து நான்கு படத்திலும் பூச்சரம். சுமங்கலிகளுக்குக் குங்குமம். அந்த நால்வருக்கும் சேர்த்து ஒரே பெரிய மாலை, ஊர்ப் பொதுமக்கள் சார்பில்.

வெங்கட்ராஜு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"வேணி, ஒண்ணு மட்டும் சொல்லு. இவிய எல்லாம் உயிரோட இருக்காங்களா, இல்லையா?"

எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றேன். அதைக் கேட்டு அவருக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. செத்தவர்கள் புகார் கொடுக்க வரமாட்டார்கள், இவர்கள் வருவார்கள். ஒரே ஒருத்தி வந்து சத்தம் போட்டாலும் அந்த நிமிஷமே எல்லாவற்றையும் இறக்கிவிடுவேன் என்றார். மறுநாள் காலையிலேயே பெயிண்டரை ஏணியோடு வரச் சொல்லியிருந்தார்.

நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். எட்டு மாதம் காத்திருந்தது இரண்டு நாள் ஊதுபத்திக்கா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கோடிச் சேலை

இனி வருவது நான் நேரில் பார்த்ததல்ல. அக்கா சொல்லிப் பலமுறை கேட்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும்.

பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்ற ராஜபாளையம் வந்த தேவதானத்துக்காரர் ஒருவர், காத்திருக்கும் நேரத்தில் எங்கள் மாடிக்கு ஏறியிருக்கிறார். பேச்சியம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர், தேதி, மாலை, விளக்கு. மோட்டாரை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை, மடவார் வளாகத்தில் இட்லி வியாபாரம் மும்முரமாக இருந்த நேரத்தில், தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு சுடலைமுத்து வந்தார். பின்னால் சொந்தக்காரர்கள் பத்துப் பேர். கையில் ஜவுளிக்கடைப் பை. கூடப்பிறந்தவள் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும் அல்லவா? அந்தச் சேலை.

அவர் நேராகப் போய் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருந்த மாமாவைக் கட்டிக்கொண்டு கதறினார். பதினோரு வருஷம் கழித்து மைத்துனன் அழுதுகொண்டு வந்தால் மாமா என்ன நினைப்பார்? தேவதானத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று அவரும் மாவுக் கையோடு கட்டிக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டு இட்லித் தட்டோடு வெளியே வந்த அக்கா, தம்பியைப் பார்த்ததும், யாரு போயிட்டா, யாரு போயிட்டா என்று கேட்டுக்கொண்டே ஓவென்று அழத் தொடங்கினார். மூன்று பேரும் செத்த நேரம் நன்றாக அழுதார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பிறகுதான் சுடலைமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் வெளியே வரக் கொஞ்சம் நேரமானது. அக்கா பையை வாங்கிப் பிரித்தார். அரக்குக் கலர், கடுகுக் கலர் கரை. விரித்துப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"இம்புட்டு நல்ல சேலை எடுக்கத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு ஒரு பஸ்ஸப் புடிக்கத் தெரியலையேலே ஒனக்கு."

உள்ளே போய் அதையே கட்டிக்கொண்டு வந்தார். கோடியை உயிரோடு இருப்பவள் கட்டலாமா என்று சொந்தக்காரர்கள் பதறினார்கள். "எனக்குன்னுதான எடுத்தான்" என்று சொல்லிவிட்டு, தம்பியை உட்கார வைத்து இலை போட்டார். பதினோரு இட்லி வைத்ததாகச் சொல்வார். அது எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா தம்பியைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினார்.

தேதி

அப்படித்தான் அவர் அந்த அரக்குச் சேலையில், இடுப்பில் கையோடு வந்து நின்றார். பின்னால் சுடலைமுத்து காலிப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பெயிண்டர் ஏணியின் உச்சியில் பிரஷ்ஷோடு தயாராக இருந்தார்.

நான் தூணைவிட்டு வெளியே வந்து, கொக்கி, பல்பு, தேதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். என் தப்புதான் அக்கா என்றேன்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டே நின்றார். கீழே தெருவில் இரண்டு பஸ் போனது. என் படம் ஒன்றின் முன்னால் அவ்வளவு நேரம் ஒருவர் நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் பயத்திலும் அது எனக்குத் தெரிந்தது.

"நான் இப்படியாட்டி சிரிக்கேன்?" என்றார் கடைசியில்.

"சின்னப்புள்ளையிலேருந்தே அப்படித்தான்க்கா" என்றார் பின்னாலிருந்து சுடலைமுத்து.

அக்கா எட்டி மல்லிகைச் சரத்தை எடுத்தார். முகர்ந்து பார்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். புதுச்சேலை முந்தானையால் கண்ணாடியில் இருந்த குங்குமத்தைத் துடைத்தார். வாழைப்பழத்திலிருந்து ஊதுபத்தியைப் பிடுங்கிவிட்டுப் பழத்தை உரித்துத் தம்பியிடம் பாதி கொடுத்தார்.

"படம் இருக்கட்டும். தேதிய மட்டும் அழிச்சிரு. அது எனக்கே தெரியாது."

வெங்கட்ராஜுதான் முதலில் சிரித்தார். ராமா ராமா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு எனக்கு வந்தது, நிற்கவில்லை; பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவேன், அதற்குள் இறக்கிவிடக் கூடாது என்று அக்கா செயலாளரிடம் கண்டிப்பாகச் சொன்னார். அவர் ஜன்னலில் தலையை நீட்டிப் பெயிண்டரை இறங்கச் சொன்னார்.

செத்துப்போன பொம்பளை கோடிச் சேலையைக் கட்டிக்கொண்டு தன் படத்தைப் பார்க்க வந்தாள் என்ற செய்தி போதுமானதாக இருந்தது. மகாராஜபுரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். மற்ற இருபத்து மூன்று பேரும் ஒவ்வொருவராக வந்து, தன் படத்துக்குக் கீழே நின்று, பூச்சரத்தைத் தானே கழற்றிவிட்டுப் போனார்கள். சேத்தூர்ப் பெண்கள் நால்வரும் பெரிய மாலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் தேதிகளை எல்லாம் அழித்தேன். நாய்கள் பாகம் 2 வெகுகாலம் 'விரைவில்' என்பதிலேயே இருந்தது.

அன்றைக்கு அக்காவும் தம்பியும் கிளம்பும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அக்கா அதே சிரிப்பு. தம்பி வீங்கின கண்ணோடு, வாயில் பாதி வாழைப்பழத்தோடு. இருபத்து ஐந்தாவதாக மாட்ட வேண்டும் என்று காதர் பாயிடம் கொண்டுபோனேன்.

நடந்தது எல்லாம் அவர் காதுக்கும் போயிருந்தது. படத்தை வாங்கும்போதே கை தானாகக் கொக்கி டப்பாவுக்குள் போனது. படத்தை ஒரு பார்வை பார்த்தார். எடுத்த கொக்கிகளைத் திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடினார்.

"இது ரெண்டு பேரு தங்கச்சி" என்றார்.